சுகர் டெஸ்டில் இரண்டு நாள் பத்தியம் பலிக்காது!

சென்னையில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாதம் பூரா டீக்கடை பஜ்ஜி, கல்யாண வீட்டு ஜாங்கிரி என்று வெளுத்துக் கட்டுவார்கள். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்னால் திடீர் பத்தியம்! பாகற்காய் ஜூஸ், மெரீனாவில் வேக நடை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து விட்டு, "110தான் சார், கண்ட்ரோல்ல இருக்கு" என்று மார்தட்டுவார்கள்.

டாக்டரை ஏமாற்றியாச்சு. கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்பையும் ஏமாற்ற முடியுமா?

எச்பிஏ1சி என்ற சோதனையிடம் இந்தப் பாச்சா பலிக்காது. ரத்தத்தில் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை போய் ஒட்டிக் கொள்ளும். ஒட்டினது லேசில் விடாது. அதை அளந்தால் இரண்டு மூன்று மாத வண்டவாளம் வெளியே வந்து விடும். சாப்பிட்டு விட்டே ரத்தம் கொடுக்கலாம்.

5.7-க்குக் கீழே இருந்தால் வியாதி இல்லை. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. நடுவில் இருப்பவர்கள் வாசற்படியில் நிற்கிறார்கள். வியாதி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே வைத்திருப்பதே குறி. வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்.

9 என்றால் 212!

"ஒன்பதுதானே, இருநூறு இல்லையே!" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் வினை. இந்தக் கணக்கில் 7 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 154. 8 என்றால் 183. ஒன்பதோ 212-ஐத் தொடுகிறது!

இந்தச் சோதனையும் அரிச்சந்திரன் அல்ல. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு எண்ணைக் கூட்டிக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் அதிகம் இழந்தவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம். சீட்டைப் பார்த்துத் தாங்களாகவே மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் விபரீதம்.

இதையெல்லாம் நோயாளியிடம் யார் சொல்வது? கூட்டத்தில் டாக்டருக்கு நேரமில்லை. லேப் சீட்டோ பெரும்பாலும் முழுக்க இங்கிலீஷ். உறையில் 'மாஸ்டர் செக்கப்' சலுகை விளம்பரம் மட்டும் நல்ல தமிழில்!

"உங்கள் எண் 9. சராசரி சர்க்கரை 212. ரத்தசோகை இருந்தால் டாக்டரிடம் சொல்லவும்" என்று மூன்று வரி அச்சடித்தால் லேப்காரர் சொத்தா கரைந்து விடும்? சீட்டின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது!