எண்ணெய்க் கணக்கு மண்ணில் தொடங்குகிறது

எண்ணெய் விலை ஏறினால் வாடிக்கையாளர் முதலில் கோபித்துக்கொள்வது பலசரக்குக் கடைக்காரரைத்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது, கோட்டாறு முதல் மார்த்தாண்டம் வரை நாம் பதில் சொல்லி மாளவில்லை.

நம்முடையது தேங்காய் விளையும் மாவட்டம். ஆனாலும் நாம் விற்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினா நாடுகளிலிருந்து கப்பலில் வருவதே. இறக்குமதி வரியைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். நம் நாட்டு மண்ணைப் பற்றிப் பேசுவதில்லை.

எண்ணெய் வித்துக்குக் கந்தகச் சத்து இன்றியமையாதது. முன்பு விவசாயி போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதம் கந்தகம் இருந்தது. டி.ஏ.பி.க்கு மாறியபோது அது நின்றுபோயிற்று. ஜிப்சம் இட்டால் குறை தீரும். போரான் சத்து குறைந்தால் விதை பொக்காகும். இதற்காகவே பூ விரியும் தருணத்தில் 0.2 சதவீத வெண்காரக் கரைசல் தெளிக்கச் சொல்கிறார்கள். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டாலோ செடி தழைக்கும். விதையில் எண்ணெய் குறையும்.

இது விவசாயி பாடு என்று நாம் ஒதுங்க முடியாது. குவிண்டால் விதையில் 35 சதவீதம் எண்ணெய் என்றால் 35 கிலோ. 40 சதவீதமானால் 40 கிலோ. எடை ஒன்றுதான், சரக்கு ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தால், ஜிப்சத்துக்குச் செலவழித்தவனுக்கு என்ன லாபம்? அடுத்த போகத்தில் அவனும் செலவழிக்க மாட்டான். தராசு மட்டும் பார்க்கும் வியாபாரம் மண்ணையும் கெடுக்கிறது, நம்மையும் கப்பலுக்குக் காத்திருக்க வைக்கிறது.

ஆகவே நாம் சொல்வது இரண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் எண்ணெய்ச் சதவீதம் பார்த்து விலை வைக்கும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். வித்து கொள்முதல் செய்யும் மொத்த வணிகர்கள் அதற்கு முன்னின்று ஒத்துழைக்க வேண்டும். அடுத்து, 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கந்தகமும் போரானும் சோதிக்கப்படுகின்றன. நம்மில் பலருக்குத் தென்னந்தோப்பு உண்டு. தென்னைக்கும் போரான் வேண்டும், சாம்பல் சத்து வேண்டும். முதலில் நம் தோப்பு மண்ணைச் சோதிப்போம். பிறகு விவசாயிக்குச் சொல்வோம்.

நல்ல சரக்குக்கு நல்ல விலை என்பது வணிக தர்மம். அதைக் கடையில் மட்டுமல்ல, களத்துமேட்டிலும் காப்போம்.