கடதாசி ஆட்டமும் கன்னித் தமிழும்

கடதாசி ஆட்டம் என்றவுடனே முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர். பணயம் வைத்தாடும் சூதினை இந்து சமயமும் இஸ்லாமும் ஒருங்கே கடிந்துள்ளமையால் அவ்வெறுப்பு நியாயமானதே. ஆயினும், பணயமின்றிச் சொல்லையே முதலாகக் கொண்டு ஆடும் ஆட்டங்களையும் அதனோடு சேர்த்து ஒதுக்குதல் முறையன்று என்பதே நமது கருத்து.

ஈழத்தவர் நன்கறிந்த முந்நூற்றுநான்கு ஆட்டத்திலே துரும்பைக் கவிழ்த்து மறைத்தல் ஒரு தனிச்சுவை. மொஸ்கோவில் டிமித்ரி டேவிடோவ் வகுத்த மாஃபியா ஆட்டத்திலோ, மறைக்கப்படுவது யார் யாருக்குக் கூட்டாளி என்பதே. அதனை ஒத்த சொல்லாட்டம் ஒன்று இன்று இளைஞரிடையே வழங்குகின்றது. ஒவ்வொருவர்க்கும் ஒரு சொல் எழுதிய அட்டை கொடுக்கப்படும். பெரும்பாலாரிடம் 'கரைவலை' என்றிருக்க, இருவரிடம் மட்டும் 'வீச்சுவலை' என்றிருக்கும். எவர் எப்பக்கத்தார் என்பதை எவரும் அறியார். ஒவ்வொருவரும் தம் சொல்லைப் பற்றி ஒரு வாசகம் மொழிதல் வேண்டும். 'பலர் கூடி இழுப்பது' என்று வெளிப்படையாகக் கூறின், மாற்றார் உண்மையுணர்ந்து நடிப்பர். 'மீன் படுவது' என்று பொதுப்படக் கூறின், கூறியவரே ஐயத்துக்கு ஆளாவர். முடிவில் வாக்கெடுத்து ஒருவரை விலக்குவர்.

பொய்யைப் பயிற்றுகின்றதே எனச் சிலர் வினவலாம். யாவரும் உடன்பட்ட விதிக்குள் மறைத்தல் வஞ்சனையாகாது. அளவறிந்து பேசுதலையும் பிறர் சொல்லைக் கூர்ந்து கேட்டலையும் அஃது பயிற்றுகின்றது. குறிப்பேட்டை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிக்கும் நம் மாணாக்கர்க்குக் குறைவாக உள்ளவை இவ்விரண்டுமேயாம். மேலும், வட்டை, களவெட்டி முதலான நம் கரைச்சொற்கள் அட்டையில் ஏறின், அவை இளைஞர் நாவிலும் ஏறும். 'சூடு' என்பது வெப்பம் மட்டுமன்று, அரிந்த நெற்கதிரின் குவியலுமாம் என்பதை அறியாத பிள்ளை அவ்வாட்டத்திலே தோற்பது திண்ணம்.

இன்னுமொன்று. 1990ஆம் ஆண்டின் துயர நாள்களிலே, பெயரையும் ஊரையும் கொண்டே மனிதரை ஐயுற்றது இக்கரை. இவ்வாட்டத்திலோ ஐயம் சொல்லின்மேலதே. கூட்டாளியைத் தருவதும் அட்டையே. பாண்டிருப்புப் பிள்ளையும் மருதமுனைப் பிள்ளையும் ஒரே பக்கத்தாராய் அமர்தல் கூடும்.

ஆதலின், நம் பழைய மாணவர் சங்கம் அயற் பாடசாலைகளையும் அழைத்து ஆண்டுதோறும் ஒரு சொல்லாட்டப் போட்டி நடத்துதல் நன்று. வேண்டுவன சில அட்டைகளும் ஒரு பிற்பகலுமே. விழாப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னரும் நிலைத்து நிற்பது இத்தகைய பணியன்றோ?