போன வழியே திரும்ப வேண்டாம்

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ யாழ்ப்பாணம் வருபவர்கள் ஆனையிறவுக்குப் பெரும்பாலும் ஒதுக்குவது பத்து நிமிடம். ஏ9 வீதியோரம் வானை நிறுத்தி, 1991 சண்டையில் நின்றுபோன கவச புல்டோசருக்கு முன்னால் ஒரு படம். திரும்பும்போதும் அதே வீதி, அதே வெயில். பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிவிட்டு, பிறகு வழி தேடுவதால் வரும் வினை இது. வன்னியில் முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீரை எங்கே கடக்கலாம் என்பதை.

குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கடனீரேரி கிடக்கிறது. வரைபடத்தில் விரற்கடைத் தூரத்தில் தெரியும் ஊருக்கு வாகனம் சுற்றித்தான் போகவேண்டும். கைபேசி வரைபடம் ஓர் இடத்துக்குப் போக வழி காட்டும். ஐந்து இடங்களை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

நல்ல வீதியாக உள்ள கடவைகள் இரண்டு: கிழக்கே ஆனையிறவு, மேற்கே 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம். ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்த தொண்ணூறுகளில் கிளாலியில் இரவிரவாகப் படகேறியவர்களுக்கு, இன்னொரு கடவை இருப்பதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து உலாவ முடியாதென்று கணித மேதை ஒயிலர் 1736இல் நிறுவினார். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒன்றால் போய் மற்றதால் வரலாம்.

ஏ9இல் போனால் கிளிநொச்சி, பரந்தன் சந்தி, ஆனையிறவு, இயக்கச்சி, பளை, யாழ்ப்பாணம். வரும்போது நாவற்குழியில் ஏ32க்குத் திரும்பி, சங்குப்பிட்டி தாண்டினால் பூநகரிக் கோட்டை. அங்கிருந்து கிழக்கே வந்தால் பரந்தனில் வளையம் முடிந்துவிடும். தெற்கே மன்னார்ப் பக்கம் இறங்கி மதவாச்சி வழியே ஊர் போகிறவர்களுக்குத் திருக்கேதீச்சரமும் மடுவும் கூடவே கிடைக்கும். முல்லைத்தீவை மட்டும் இதற்குள் திணிக்காதீர்கள். பரந்தனில் பிரியும் ஏ35இல் புதுக்குடியிருப்பு, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் என்று போக ஒரு முழுநாள் வேண்டும்.

அடுத்தது பொழுது. ஆனையிறவு வெட்டவெளி; நண்பகலில் எவரும் அங்கே எதையும் ஆறுதலாகப் பார்க்க மாட்டார்கள். முதல் நாள் மாலை இரணைமடுக் குளக்கட்டில் நடந்து, கிளிநொச்சியில் தங்கி, விடியவே புறப்பட்டால் ஏறுவெயிலுக்கு முன் அங்கு நிற்கலாம். கொழும்பிலிருந்து ஒரே ஓட்டமாக வருபவர்களோ பெரும்பாலும் உச்சிவெயிலில்தான் வந்து சேர்கிறார்கள்.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுண்டிக்குளத்துக்கு வலசைப் பறவைகள் வருவது மாரியில். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஓகஸ்டில் வருபவர்கள் பூநாரையைத் தேடி அங்கே அரைநாளைச் செலவழிக்க வேண்டாம். அது கோடை, உப்பு விளையும் காலம். 1990இல் போரால் நின்றுபோன ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச்சில் புதிய உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டிருக்கிறது. காலையில் பாத்திகளை வீதியிலிருந்து பார்த்துவிட்டு, மிஞ்சும் அரைநாளைப் பூநகரிக்குக் கொடுக்கலாம்.