ஹெல்மெட்டுக்குள் செல்போன்: சிப்காட் ரோட்டில் கூப்பிடுவது யார்?

கும்மிடிப்பூண்டி:

சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு பறக்கும் டூவீலர் ஆசாமிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் ஹெல்மெட்டுக்குள் சொருகி விடுகிறார்கள். ஹெல்மெட் போடுங்கப்பா என்று போலீசார் வருஷக்கணக்கில் கத்தினார்கள். போட்டாச்சு, செல்போன் ஸ்டாண்டாக!

அப்படியே போய் ஏறுவது சென்னை-கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில். ஆந்திராவில் இருந்து ஆரம்பாக்கம், எளாவூர் வழியாக வரும் லாரிகள், எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கு ஓடும் கன்டெய்னர்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் தாண்டிவிடும். யாரு கூப்பிடுறதுன்னு 3 வினாடி குனிந்து பார்த்தால் 50 மீட்டர் போய்விட்டது. 40 அடி கன்டெய்னர் நாலை வரிசையாக நிறுத்தி வைத்த நீளம் அது. அவ்வளவு தூரமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது மாதிரிதான். இயர்போன் போட்டுக்கிட்டா தப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். போன் பேசியபடி ஓட்டினால் விபத்து ஆபத்து சுமார் 4 மடங்கு, கையில் பிடிக்காமல் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கை சும்மா இருந்தாலும் மூளை பேச்சில் இருக்கிறதே.

எப்.ஐ.ஆரில் வராத செல்போன்

2022-ம் ஆண்டு இந்தியா முழுவதும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். இதில் செல்போனால் நடந்த சாவு என்று மத்திய அரசு கணக்கில் இருப்பது 3,395 மட்டும். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள்.

செல்போன் கணக்கு இவ்வளவுதானா? நம்ப முடியவில்லை. விபத்து நடந்த இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், செல்போன் மட்டும் மண்ணில் கிடந்து அடித்துக்கொண்டிருக்கும். யாராவது எடுத்துப் பேசும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும். அடிபடும் முன்னால் அதில் பேசிக்கொண்டிருந்தாரா என்று சொல்ல வேண்டியவர் உயிரோடு இல்லை. போலீசார் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதி முடித்து விடுவார்கள். முன்பு இ.பி.கோ. 279, 304 (ஏ). 2024 ஜூலை 1-ல் இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 281, 106. பிரிவு மாறியது, வாசகம் மாறவில்லை. செல்போன் அந்த வரியிலேயே கரைந்து போகிறது.

ஆனால் நஷ்டஈடு கேஸ் என்று போகும்போது அது திரும்ப வரும். அடிபட்டவர் போன் பேசியபடி வந்தார் என்று நிரூபணமானால், அவர் மேலும் தப்பு இருக்கிறது என்று தொகையைக் குறைக்க கோர்ட்டுக்கு இடம் உண்டு. எதிரே வண்டியே இல்லாமல் தானே போய் கவிழ்ந்தால் இன்னும் மோசம். தானே அதிவேகமாக, அஜாக்கிரதையாக ஓட்டி இறந்த ஒருவரின் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நஷ்டஈடு கிடையாது என்ற கர்நாடக ஐகோர்ட்டு தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு மறுத்துவிட்டது. சம்பாதிக்கிற ஆளும் போய், பணமும் போய், குடும்பம் நடுத்தெருவில்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்திய அபராதப்படி முதல் தடவை மாட்டினால் 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. கோவை எலும்பு முறிவு டாக்டர் ராஜசேகரன் போட்ட பொதுநல வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அமைத்த கமிட்டி, போன் பேசி ஓட்டினால் லைசென்சை குறைந்தது 3 மாதம் நிறுத்தி வையுங்கள் என்று 2015-லேயே சொல்லிவிட்டது. 2024 மே மாதம் யூடியூபர் டி.டி.எப். வாசன் செல்போன் பேசியபடி கார் ஓட்டியதாக மதுரையில் கைதானார். வீடியோவை அவரே போட்டதால் கேஸ் ஆனது. நம்ம ஆட்கள் யார் வீடியோ போடுகிறார்கள்?

எடுத்தவருக்கு அபராதம், கூப்பிட்டவருக்கு?

எல்லோரும் போனை எடுத்தவரைத்தான் திட்டுகிறோம். போன் போட்டது யார் என்று கேட்பதில்லை. "வண்டி எங்கப்பா நிக்குது?" - டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். "ஆள் குறையுது, நைட் ஷிப்டுக்கு வந்துடு" - கான்டிராக்டர். எடுக்காவிட்டால் நாளைக்கு வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பது கான்டிராக்ட் தொழிலாளிக்குத் தெரியும். ஓரங்கட்டி நின்று பேச அவருக்கு பொறுமை இருக்குமா? செய்தி கேட்டு ஆபீசில் இருந்து போன் வந்தால் இதை எழுதுகிறவனே ஓட்டிக்கொண்டே பேசியிருக்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மெஷின் பக்கத்தில் கவனம் சிதறும் என்று கேட்டிலேயே செல்போனை வாங்கி லாக்கரில் வைக்கும் கம்பெனிகள் உண்டு. அதே தொழிலாளி கேட்டைத் தாண்டி ஆக்சிலேட்டரை முறுக்கியதும் விடாமல் போன். வீட்டுக்கும் வேலைக்கும் போகவர நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ள இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே திருத்தம் வந்தாச்சு. ரோடும் வேலையில் சேர்த்திதான் என்று சட்டமே சொல்லும்போது, ஷிப்ட் விட்ட முதல் ஒரு மணி நேரம் யாரையும் கூப்பிடாதே என்று சூப்பர்வைசர்களுக்கும் கான்டிராக்டர்களுக்கும் கம்பெனிகள் ஒரு உத்தரவு போட்டால் என்ன? காசு செலவில்லாத விஷயம். அபராதம் இப்போதைக்கு எடுத்தவருக்கு மட்டும்தான்.

நடந்து போகிறவர்கள் கதை வேறு. பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்கு ஷிப்ட் முடிந்த பிறகுதான் ஊரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச நேரம். பேசிக்கொண்டே இருட்டில் ஹைவேயை கடக்கிறார்கள். அவர்களுக்கு இந்தியில் ஒரு எச்சரிக்கை போர்டாவது வைக்கலாம்.

கண் முன்னால் யாராவது அடிபட்டுக் கிடந்தால் 108-க்கு போன் போடுங்கள். "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரம், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. வெளிமாநிலத்தவர்களுக்கும் உண்டு. கொண்டுபோய் சேர்த்தவரை சாட்சி சொல்லு என்று போலீசார் கட்டாயப்படுத்த முடியாது.