கேட்பாரற்ற மொழியா தமிழ்?

அண்மையில் என் மாணாக்கரோடு மலைநகர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். ஆங்குள்ள சுற்றுலாச் செய்தி நடுவத்தில் தமிழ்த் துண்டறிக்கை கேட்டேன். ஆங்கில அறிக்கையை நீட்டி, "நம்மவர்க்கு இஃது எதற்கு ஐயா? சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார் அங்கிருந்த தமிழர்! பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தனர்; நாணித் தலைகுனிந்தேன்.

பார்ப்பதற்குக் கண் போதும். அறிவதற்கு மொழி வேண்டாவா?

கோடைக்கானலையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஏரி 1863இல் இலெவிஞ்சு என்னும் ஆங்கிலேயர் முயற்சியால் அமைந்தது. அதனை நாம் மறைக்கவில்லை. நன்றி மறவாமை தமிழர் பண்பு. ஆயின், அம்மலையின் வரலாறு அவ்வேரியொடுதான் தொடங்கிற்றா? கோடைமலைத் தலைவன் கடியநெடுவேட்டுவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கின்றதே! பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, 2018இல் அம்மலைச் சரிவுகளில் மலர்ந்தது. இனி 2030இல் மலர வேண்டும். அப்பூவின் பெயரால் ஒரு திணையையே வகுத்தவர் நம் முன்னோர் அல்லரோ?

இவற்றைத் தமிழில் சொல்லாத நடுவம் விடுதிக்கு வழிகாட்டலாம், நாட்டைக் காட்டாது.

வெளிநாட்டார்க்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள், தடுப்பாரில்லை. ஆனால், தமிழ்நாட்டு மலையில் தமிழ்ப்பிள்ளை கேட்குங்கால் தமிழில் விடை வேண்டும். அரசு தமிழறிக்கையை முதலில் அச்சிடுக. ஊரின் பழம்பெயரும் வரலாறும் அதில் இடம்பெறுக!

தமிழன்பர்களே, எங்குச் சென்றாலும் தமிழிலேயே கேளுங்கள். கேட்பாரற்ற மொழிக்குக் கொடுப்பாரும் இரார்!