பொலிசை விசாரிக்கும் பொலிஸ்

2024 செப்ரெம்பர் 11. பொயிண்ட் குக்கிலிருந்து அரைமணித்தியாலத் தூரம், மெல்பேர்ண் நகரில் ஆயுதக் கண்காட்சிக்கு எதிராக ஆர்ப்பாட்டம். சிலர் பொலிசார்மீது குதிரைச் சாணம் எறிந்தார்கள். பொலிசார் பெப்பர் ஸ்பிரே அடித்தார்கள், றப்பர் குண்டாலும் சுட்டார்கள்.

"எங்கட நாட்டில எண்டால் உண்மையான குண்டெல்லோ!" என்றார் நண்பர். உண்மைதான். 2022 ஏப்ரல் 19இல் றம்புக்கனையில் எரிபொருள் கேட்டு வீதியை மறித்தவர்கள்மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார்.

ஆனால் அங்கே மோசம் என்பதால் இங்கே எல்லாம் சரியென்று ஆகிவிடாது. விக்ரோறியாவில் பொலிசுக்கு எதிராக முறைப்பாடு கொடுத்தால், ஊழல் தடுப்பு ஆணைக்குழு பெரும்பாலானவற்றைப் பொலிசிடமே திருப்பி அனுப்புகிறது.

ஊரில் பொலிஸ் நிலையத்தைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்தால் போன ஆள் நான். சுட்டவரும் விசாரிப்பவரும் ஒரே இடத்தில் சம்பளம் வாங்கும்வரை அந்தப் பழக்கம் இங்கேயும் போகாது.