அந்த மூன்று மாதங்கள்



நான் புரூஃப் பார்க்கச் சேர்ந்த அச்சகத்தில் சுவரெல்லாம் மரக் கேஸ்கள். குழிக்குக் குழி ஈய எழுத்துகள். கம்பாசிட்டர் அண்ணன் கையெழுத்துப் பிரதியிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். விரல்கள் தாமாகக் குழி தேடிப் போகும். இடவலம் மாறிக் கிடக்கும் ஈய வரியைக் கடகடவென்று வாசிப்பார். 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணையால் ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் போய்விட்டன. “குழி காலியாகி வருஷக்கணக்காச்சு தம்பி, கை மட்டும் இன்னும் அங்கேயே போகுது” என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினி வந்தது. அச்சக முதலாளி கேஸ்களை எடைக்குப் போட்டார், ஆட்களை அனுப்பவில்லை. மூன்று மாதம், முழுச் சம்பளம், கற்றுக்கொள்வதுதான் வேலை என்றார். தட்டச்சுப் பள்ளியில் படித்த இளம்பெண் ஒருத்தி அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். மின்சாரம் போய் ஒரு பக்கம் முழுக்க அழிந்த அன்று அவர் எழுந்தே போய்விட்டார். கேஸ் கவிழ்ந்தால் எழுத்துகளைப் பொறுக்கிவிடலாம், இதில் எதைப் பொறுக்குவது? மறுநாள் அவள்தான் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தாள்.

பிறகு அவர் அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். சொல்லை எந்த இடத்தில் உடைக்கலாம், ஒற்றை எழுத்து ஏன் வரி முதலில் தனித்து நிற்கக் கூடாது, தலைப்புக்குக் கீழே எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதெல்லாம் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். 1999-இல் தமிழ்99 விசைப்பலகை வந்தபோது, உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு என்ற பிரிப்பைப் பார்த்துவிட்டு, “கேஸ் அடுக்கத் தெரிஞ்ச ஆள் யோசிச்ச மாதிரி இருக்கு” என்று மகிழ்ந்தார்.

ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றிதழ் மின்னணு வடிவத்துக்கு மாறியபின் அவருக்கு மறுபடி ஒரு சோதனை. ஈயத்திலேயே உழைத்துத் தேய்ந்த விரல்; ரேகை பதியவில்லை. அதே பெண், இன்று இரண்டு பிள்ளைகளின் தாய், தன் கைபேசியில் அவர் முகத்தைப் படம்பிடித்துச் சான்றிதழ் எடுத்துக்கொடுத்தாள்.

போன மாதம் எங்கள் பக்க வடிவமைப்பாளர் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், செயற்கை நுண்ணறிவு இந்த வேகத்துல வந்தா, எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வேலை இருக்கும்?” எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தது அந்த மூன்று மாதங்கள்தான். வேலை முடிந்து களைத்துப்போனவர்களிடம் ‘நீயே கற்றுக்கொள்’ என்று விடுவது நியாயமில்லை. ஆகவே இந்த இதழிலிருந்து எங்கள் அலுவலகத்தில் வியாழக்கிழமை பிற்பகல் கற்கும் நேரம், சம்பளத்தோடு.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் யார்? எழுதுங்கள். இன்லண்டு லெட்டரிலும் வரலாம், வாட்ஸ்அப்பில் குரலாகவும் வரலாம். குரலை எழுத்தாக்கும் மென்பொருள் ல, ள, ழ-வில் தடுமாறினால் திருத்த நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்